தட்டில் இல்லாத முயல்

இதை எழுதுவதா, விடுவதா என்று பல வருடங்களாக எனக்குள் இழுபறி. தாளை எடுப்பேன், மேலே பிள்ளையார் சுழி போடுவேன், பிறகு மடித்து வைத்துவிடுவேன். சுழி மட்டும் போட்ட தாள்கள் எங்கள் வீட்டில் கனக்கக் கிடக்கின்றன.

நான் அதிகம் படித்தவன் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்லத்தான் தெரியும். இந்தக் கதையை மட்டும் அப்படிச் சொல்ல முடியாமல் ஒரு வாக்கு என் வாயைக் கட்டியிருந்தது. அந்த வாக்கைக் கேட்டவரும் இன்று இல்லை, அதனால் பேர் கெட்டவரும் இல்லை. மிஞ்சியிருப்பது நானும், ஊர் வாயில் இன்னும் ஓடித் திரியும் ஒரு முயலும்தான்.

செவ்வாய் வெள்ளி விரதம் இருக்கிறவன் பப் என்கிற குடிக்கடையில் சாப்பிட்ட கதை எழுதுகிறானே என்று சிலர் முகம் சுளிப்பீர்கள். சுளியுங்கள். கடைசிவரை படித்துவிட்டுச் சுளியுங்கள்.

பருப்புக் கரண்டி

தொண்ணூறுகளின் கடைசிப் பக்கம். என் அத்தான் கனகசபை காலமாகி முப்பத்தோராம் நாள். லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட ஒரு மண்டபம் எடுத்து மத்தியானச் சாப்பாடு கொடுத்தோம். நான் பருப்பு வாளியோடு பந்தியில் நடந்துகொண்டிருந்தேன். பருப்பில் நெய் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. அத்தானுக்கு அப்படித்தான் பிடிக்கும்.

கிழக்கு லண்டன் பிளேஸ்டோவிலிருந்து வந்த ஒருவர், எனக்கு முன்பின் தெரியாதவர், இலைக்கு மேலே கையைக் காட்டிக்கொண்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"அண்ணை, கறியளுக்குள்ளை முயல் ஏதும் இல்லைத்தானே?"

எனக்கு விளங்கவில்லை என்று நினைத்து, பக்கத்திலிருந்தவருக்கும் கேட்கும்படி விளக்கம் வேறு சொன்னார்.

"செத்த மனுசனைச் சொல்லுறன். கோயிலிலை புராணத்துக்குப் பயன் சொல்லுறவர். வேல்ஸ் முருகனிட்டைப் போற வழியிலை ஒரு பப்புக்குள்ளை பூந்து, முயலும் பியரும் அடிச்சவராம். உங்களுக்குத் தெரியாதோ?"

கரண்டி என் கையில் அப்படியே நின்றது. பருப்பு சொட்டுச் சொட்டாக அவருடைய இலையில் விழுந்துகொண்டிருந்தது.

என்ன பதில் சொன்னேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பயன் சொல்பவர்

அவர் என் அக்காவின் கணவர். அக்கா ஊரிலேயே போய்ச் சேர்ந்துவிட்டா. எண்பதுகளின் கடைசியில், சண்டைக்குள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, ஒரு பையோடு எங்களிடம் வந்தார். பைக்குள் இரண்டு வேட்டி, ஒரு திருநீற்றுப் பை, அக்காவின் படம். வேறொன்றும் இல்லை.

இங்கே பிறந்த பிள்ளைகளுக்காக ஒரு விளக்கம். எங்கள் கோயில்களில் புராணம் படிக்கும்போது ஒருவர் பாட்டை இராகத்தோடு படிப்பார். பக்கத்தில் இருக்கும் மற்றவர் அந்தப் பாட்டைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பொருள் சொல்லுவார். அதைத்தான் பயன் சொல்வது என்போம். படிக்கிறவருக்குக் குரல் வேண்டும். பயன் சொல்கிறவருக்குக் குரல் மட்டும் போதாது. அவர் சுத்தமான ஆள், மச்சம் தொடாத ஆள் என்று சபை நம்ப வேண்டும். மீனோ இறைச்சியோ பட்ட வாயால் பயன் சொன்னால் எங்கள் சனம் எழும்பிப் போய்விடும்.

வாடகை மண்டபத்தில் நடந்த எங்கள் கோயிலில் அத்தான்தான் பயன் சொன்னார். லண்டனில் அவருக்கு என்று இருந்த ஒரே இடம், மேடையில் பயன் சொல்ல விரிக்கும் அந்தப் பாய். சனிக்கிழமைகளில் அதில் போய் உட்கார்ந்தால் முதுகு நிமிரும். மற்ற நாட்களில் அவர் என் வீட்டு முன்னறையில் கூனிக்கொண்டு இருக்கும் ஒரு சலரோகக்காரர், சர்க்கரை வியாதிக்கு ஊசி போடுகிறவர்.

ஆனால் அவரோடு கடைக்குப் போவது இருக்கிறதே, முருகா! எதற்கும் பயன் பார்க்காமல் விடமாட்டார். பிஸ்கற் பெட்டியைத் திருப்பி, கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, சின்ன எழுத்தெல்லாம் வாசிப்பார். "தம்பி, மிருகக் கொழுப்பு எண்டு போட்டிருக்கிறான். எந்த மிருகம் எண்டு ஏன் போடேல்லை?" கடைக்காரப் பெண்ணுக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. பின்னால் வரிசை நீளும். எனக்குத் தலை வெடிக்கும்.

வேல்ஸ் றோட்டு

வேல்ஸில் மலைக்காட்டுக்குள் இருக்கும் முருகன் கோயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த நாட்களில் லண்டன் சைவக்காரர் எல்லோருக்கும் ஒரு நேர்த்திக்கடன் என்றால் அங்கேதான் ஓட்டம். போய்ச் சேர்ந்தால் அன்னதானம் உண்டு. ஆனால் போய்ச் சேர வேண்டுமே!

வழியில் வருவதெல்லாம் கிராமங்கள். ஊர்ப் பெயரை வாசித்தால் அதில் உயிரெழுத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். சாப்பாட்டுக்கடை என்று ஒன்றும் இராது. ஊருக்கு ஒரு தேவாலயம், ஒரு பப். அவ்வளவுதான்.

அந்த நாட்டுப்புறப் பப்புகளில் நாங்கள் பட்ட பாட்டை எழுதினால் இந்த இதழ் முழுக்க எனக்கே வேண்டும். முதன்முறை ஒரு பப்பில், ஆராவது வந்து என்ன வேண்டும் என்று கேட்பார்கள் என்று கதிரையில் இருந்தோம், இருந்தோம். ஒருவரும் வரவில்லை. கறுப்பு நாய் ஒன்றுதான் வந்து, என் மனைவியின் சேலைக் கரையில் தலையை வைத்துக்கொண்டு படுத்தது. பிறகுதான் தெரிந்தது, எழும்பிப் போய்க் கவுண்டரில் கேட்க வேண்டும் என்று. எழும்பிப் போனால், "குசினி மூடியாச்சு" என்றார்கள். இரண்டு மணி அடித்தால் அங்கே அடுப்பு செத்துவிடும். கடவுளே வந்து பசிக்குது என்றாலும் உப்புப் போட்ட கடலைப் பக்கற்றைத்தான் நீட்டுவார்கள்.

இன்னொரு இடத்தில் சைவம் என்றேன். கோழி இருக்கிறது என்றார்கள். கோழியும் வேண்டாம் என்றேன். அப்போ மீன் என்றார்கள். மீனும் வேண்டாம் என்றதும், பாவம் என்ன வருத்தமோ என்கிற மாதிரிப் பார்த்தார்கள். சூப்பில் மிதந்த பன்றித் துண்டைக் காட்டினால், "அது சின்னன்தானே" என்று பதில்.

கூரையில் போன புட்டு

அதனால்தான் பிறகு ஒவ்வொரு முறையும் சாப்பாடு கட்டிக்கொண்டு போனோம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கோடை. அத்தானும் நானும், பக்கத்தில் மிச்சம் என்ற ஊரில் பலசரக்குக் கடை வைத்திருந்த யோகனும் அவனுடைய வான் வண்டியில் புறப்பட்டோம். யோகன் நல்ல பெடியன். வாய்தான் சும்மா இராது.

மனைவி புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் பொதி கட்டிக் கொடுத்தா. யோகன் கதவைத் திறக்கிறதற்காக அதை வானின் கூரையில் வைத்தான். வைத்தவன் வைத்தபடி ஏறி ஓட்டத் தொடங்கிவிட்டான். பெரிய பாலம் தாண்டி வேல்ஸுக்குள் போன பிறகு, பசிக்குது என்று தேடினால் பொதி இல்லை.

"எங்கையடா புட்டு?"

"கோலியர்ஸ் வுட் றவுண்டபவுட் சந்தியிலை காகம் திண்டுகொண்டிருக்கும் அண்ணை. சனீஸ்வரனுக்குப் படைச்சதா நினையுங்கோ."

எனக்கு அவனை இறக்கி நடக்க விட வேண்டும் போல இருந்தது. அத்தான் காலையில் ஊசி போட்டிருந்தார். நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் கை நடுங்கும், வேர்க்கும். அது தொடங்கிவிட்டது. ஒரு கிராமத்தில், செம்மறி ஆட்டுப் படம் கீறிய பலகை தொங்கிய பப் ஒன்றின் முன்னால் வானை நிற்பாட்டினோம். உள்ளே விறகுப் புகையும் புளித்த பியரும் கலந்த வாசம். அத்தான் வாசலில் நின்று "சிவசிவா" என்றார். பிறகு வேறு வழி இல்லாமல் உள்ளே வந்தார்.

முயலும் பாணும்

பப்புக்காரியம்மா ஒரு பருத்த மனுசி. எல்லோரையும் "லவ்" என்றுதான் கூப்பிடுவா. அவ பேசியதை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். முதலில் அத்தானுக்குக் குடிக்க இனிப்பாக லெமனேட் ஊற்றிக் கொடுத்தா. பிறகு சாப்பாடு.

"சிப்ஸ் போதும் எண்டு சொல்லு தம்பி. கிழங்குக்குள்ளை என்ன இருக்கப்போகுது" என்றார் அத்தான்.

சொன்னேன். அவ அத்தானின் நெற்றித் திருநீற்றைப் பார்த்தா.

"லவ், நீங்கள் மாடு சாப்பிடுவியளோ?"

"ஐயோ, இல்லை."

"அப்ப சிப்ஸ் வேண்டாம். நாங்கள் பொரிக்கிறது மாட்டுக் கொழுப்பிலை."

அத்தான் கதிரைக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எத்தனை பப்பில் எத்தனை பேர் கிழங்குதானே என்று அள்ளிச் சாப்பிட்டிருக்கிறோமோ, முருகனுக்குத்தான் வெளிச்சம்.

"சரி, பாணும் சீஸும் சூடாக்கித் தர ஏலுமோ எண்டு கேள்."

கேட்டேன். சுட்ட ரொட்டியும் சீஸும் என்றதும் அவவின் முகம் மலர்ந்தது. "ஓ! வெல்ஷ் ராபிட்!"

"இல்லை இல்லை, ராபிட் வேண்டாம். பாணும் சீஸும்."

"ஓமோம். வெல்ஷ் ராபிட்."

"நாங்கள் இறைச்சி தொடுறேல்லை."

"அதாலைதான் சொல்லுறன், ராபிட் சாப்பிடுங்கோ."

அத்தான் என் சேட்டுக் கையைப் பிடித்து இழுத்தார். "என்னவாம்?"

"முயல் சாப்பிடட்டாம்."

"நீ என்ன கேட்டனீ?"

"பாண் கேட்டனான்."

"பாண் கேட்டால் ஏன் முயலுக்குப் போறா?"

யோகன் குறுக்கே விழுந்தான். "அண்ணை, வாங்குங்கோ. முயலை இறக்கி வைச்சிட்டுப் பாணைச் சாப்பிடுவம்."

அந்த அம்மாவுக்கும் பொறுமை போய்விட்டது. சுவரில் சோக்கால் எழுதியிருந்த பலகையைத் தட்டிக் காட்டினா. அதிலும் ராபிட் என்றுதான் இருந்தது. கடைசியில் என் கையைப் பிடித்துக் குசினி வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய், "நில்லுங்கோ, பாருங்கோ" என்றா.

நான் நின்றேன். பார்த்தேன். இதை இந்த இதழில் சத்தியமாக எழுதுகிறேன். சட்டியில் பட்டர் போட்டா. கொஞ்சம் கோதுமை மா. சில வீடுகளில் இதற்குப் பியர் விடுவார்களாம், உங்களுக்கு வேண்டாம் என்று பால் விட்டா. சீஸைத் துருவிப் போட்டு, கடுகு அரைத்த விழுது ஒரு கரண்டி சேர்த்தா. ஒரு கறுப்புச் சோஸ் போத்தலைக் கையில் எடுத்து, "இதுக்குள்ளை மீன் இருக்கு" என்று தானாகவே தள்ளி வைத்தா. பாணுக்கு மேலே ஊற்றி நெருப்புக்குக் கீழே காட்டினா. மேற்பக்கம் பொங்கிச் சிவந்தது. அவ்வளவுதான். முயலும் இல்லை, முயலின் மயிரும் இல்லை.

அத்தான் தட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். முள்ளுக் கரண்டியால் பாணைத் தூக்கி அடியில் பார்த்தார். கண்ணை மூடி ஒரு நிமிடம் கும்பிட்டார். பிறகு சாப்பிட்டார். கை நடுக்கம் நின்றது.

"பாணுக்கு ஏன் முயல் எண்டு பேர் எண்டு கேள்" என்றார், வாயைத் துடைத்துக்கொண்டு. பயன் பார்க்காமல் விடுவாரோ!

அந்த அம்மா சிரித்தா. "இங்கிலீஷ்காரர் எங்களை நக்கலடிக்க வைச்ச பேர், லவ். முயல் வாங்கக் காசில்லாத வேல்ஸ்காரன் சீஸை முயல் எண்டு சொல்லித் திண்டவனாம்."

அத்தான் தலையை ஆட்டினார். அந்தப் பேரை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வானில் ஏறினார்.

லண்டனில் வளர்ந்த முயல்

யோகன் இதைத் தன் கடையில் பகிடியாகச் சொன்னான். அவன் முழுக்கதையையும்தான் சொன்னான். கேட்டவர்கள் வெங்காயத்தோடும் மிளகாய்த்தூளோடும் பாதிக்கதையைத்தான் வீட்டுக்குக் கொண்டு போனார்கள். மிச்சம் ஊருக்குள் இருந்தவரை அது முயல். டூட்டிங்குக்குப் போனபோது முயல் கறி. ஆற்றைத் தாண்டிப் பிளேஸ்டோவுக்குப் போக, கூடவே பியரும் வந்து சேர்ந்துவிட்டது.

எனக்கு வயிறு எரிந்தது எதற்கென்றால், ஒருவராவது எங்களிடம் வந்து கேட்கவில்லை. கோயில் தலைவர் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணி குடித்தார். "இந்த வருசம் அண்ணை கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்" என்றார். முயல் என்ற சொல் அவர் வாயில் வரவே இல்லை.

அவர் போனதும் நான் குதித்தேன். "சொல்லுங்கோவன் அத்தான்! பாண் எண்டு சொல்லுங்கோவன்!"

"கேட்டால் சொல்லுவன். கேளாமல் நான் ஏன் சொல்ல? பாட்டுக்குப் பயன் சொல்லலாம். என்ரை பேருக்கு நானே பயன் சொல்லிக்கொண்டு திரிய ஏலுமே?"

அந்த வருடப் புராணப் படிப்புக்கு வேறொருவர் பயன் சொன்னார். அத்தான் கடைசி வரிசையில் என் பக்கத்தில் இருந்தார். மேடையில் பொருள் பிசகும்போதெல்லாம் அவருடைய கை என் முழங்காலை இறுக்கும். உதடு அசையும். சத்தம் வராது.

கூடை கூடையாகச் சிப்ஸ்

அடுத்த கோடையில் கோயில் சபை ஒரு கோச் பஸ் பிடித்து வேல்ஸுக்குப் போனது. தலைவர், கொமிட்டி, அவர்களின் மனைவிமார், நாங்கள், யோகன். வழியில் வாகன நெரிசல். கட்டிய சாப்பாடு காலையிலேயே முடிந்துவிட்டது. டிரைவர் தன் இடைவேளைக்கு நிற்பாட்டிய கிராமம் எது என்று நினைக்கிறீர்கள்? அதே செம்மறிப் பலகை.

குசினி மூட இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அம்மா உள்ளே. கவுண்டரில் அவவின் புருசன். கொமிட்டிக்காரர் பெருமையாக ஓடர் பண்ணினார்கள். "எல்லாருக்கும் சிப்ஸ். கிழங்குதானே, பயமில்லை." பின்னாலிருந்து ஒரு குரல், "ஒராளுக்கு மட்டும் முயல்." சிரிப்பு.

அத்தானும் நானும் அந்த நேரம் கை கால் கழுவப் போயிருந்தோம்; இதெல்லாம் யோகன் பிறகு சொன்னது. திரும்பி வந்தபோது மேசைகளில் கூடை கூடையாகச் சிப்ஸ். பொன்னிறம், ஆவி பறந்தது. தலைவரின் வாய் அசைந்துகொண்டிருந்தது.

யோகன் எங்களை வழியில் மறித்துக் குசுகுசுத்தான். "அண்ணை, விடுங்கோ. வடிவாத் திண்டு முடிக்கட்டும். பிறகு நான் சொல்லுறன். என்ரை கடையிலை வைச்சுச் சொல்லுறன்."

அத்தான் அவனைப் பார்த்தார். "கோயிலுக்குப் போற வயிறு, யோகன்."

நேரே போனார். தலைவரின் கூடைக்கு மேலே தன் உள்ளங்கையை விரித்து வைத்தார். "ஐயா, தொடாதேங்கோ. இது மாட்டுக் கொழுப்பிலை பொரிச்சது."

தலைவரின் மனைவி கையிலிருந்த சிப்ஸைப் பாம்பைப் போலக் கீழே போட்டா.

"ஆர் சொன்னது?" என்றார் தலைவர், வாய்க்குள் இருந்ததோடு.

"இஞ்சத்தை அம்மா சொன்னவ. போன வருசம் எனக்கு."

அந்த நேரம்தான் அவ குசினியிலிருந்து எட்டிப் பார்த்தா. "அட! முயலுக்குப் பயந்த ஐயா!" என்று ஊர் கேட்கக் கத்தினா.

தலைவரின் மனைவி மெல்லக் கேட்டா. ஒரு வருடமாக ஒருவரும் கேட்காத கேள்வி. "அப்ப அண்ணை, நீங்கள் அண்டைக்கு என்னத்தைச் சாப்பிட்டனீங்கள்?"

"முயல்தான்" என்றார் அத்தான். "எல்லாருக்கும் அதையே ஓடர் சொல்லட்டோ?"

பிறகு அங்கேயே, பியர் வாசத்துக்குள் நின்றபடி, பயன் சொன்னார். எந்தச் சொல் எதை மறைக்கிறது, ஆர் ஆருக்கு நக்கலாக வைத்த பேர், எல்லாம். "இந்த நாட்டிலை பேரைச் சாப்பிடக் கூடாது. பொருளைச் சாப்பிட வேணும்" என்று முடித்தார். நான் கேட்ட பயன்களிலே அதுதான் உச்சம். அன்று ஒரு கோச் நிறைந்த சைவக்காரர் அந்தப் பப்பில் இருந்து முயல் சாப்பிட்டார்கள். பாணைச் சுட்டுச் சுட்டு அந்த அம்மாவின் முகம் சிவந்துபோனது. மணி இரண்டு எப்போதோ தாண்டிவிட்டது.

வெளியே வந்ததும் தலைவர் முற்றத்துக் குழாயில் வாயைக் கொப்பளித்தார். திரும்பத் திரும்பக் கொப்பளித்தார். பிறகு எல்லோரையும் கூட்டி, கண்ணில் தண்ணியோடு கேட்டார்.

"இது எங்களுக்குள்ளை இருக்கட்டும். நான் தொட்டது தெரிஞ்சால் கோயிலுக்குத்தான் கெட்ட பேர்."

முதலில் தலையாட்டியவர் அத்தான். "என்ரை வாயாலை வராது ஐயா." பிறகு எல்லோரும். பிறகு, பல்லைக் கடித்துக்கொண்டு, நான்.

கோச்சில் அவரிடம் கேட்டேன். "அப்ப உங்கட முயல்?"

"அதை விளங்கப்படுத்த வெளிக்கிட்டால் தலைவரின்ரை சிப்ஸும் வெளியிலை வரும். விடு."

திரும்பவும் பருப்பு

அந்த வருடம் அவருக்குப் பாய் திரும்பக் கிடைத்தது. "அண்ணையின் உடல்நிலை தேறியதால்" என்று தலைவர் மைக்கில் அறிவித்தார். உடல்நிலையாம்! அத்தான் போய் உட்கார்ந்தார். முதுகு நிமிர்ந்தது. கோச்சில் வந்தவர்கள் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். வராதவர்கள் லண்டன் முழுக்க முயல் கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அதை மறுக்கத் தெரிந்த ஒவ்வொருவர் வாயிலும் அந்த முற்றத்துக் குழாயடி வாக்குப் பூட்டாகக் கிடந்தது.

ஆகவே, முப்பத்தோராம் நாள் பந்தியில் பிளேஸ்டோக்காரருக்கு நான் சொன்ன பதில் இவ்வளவுதான்: "இன்னும் கொஞ்சம் பருப்புப் போடட்டோ?" தலைவர் அப்போது அதே பந்தியில், கொஞ்சம் தள்ளி இருந்தார். அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். சோற்றில் வைத்த கையை எடுக்காமல், தலை குனிந்தபடி இருந்தார். அவரையும் பிறகு முருகன் அழைத்துக்கொண்டான். பெயரை இங்கேயும் நான் எழுதவில்லை. நல்ல மனுசன், பசியில் கைவைத்தார். அவ்வளவுதான்.

இனி உங்களிடம் ஒரு வேண்டுதல். இந்தக் கதையை வீட்டில், கடையில், கோயில் வாசலில் எங்கே வேண்டுமானாலும் சொல்லுங்கள். ஆனால் இங்கே இருக்கிறபடி சொல்லுங்கள். பாண், பட்டர், மா, பால், சீஸ், கடுகு. பாலைப் பியர் ஆக்காதீர்கள். என் அத்தானைப் பெரிய மகான் ஆக்கவும் வேண்டாம், அவருக்கு அது பிடிக்காது. அந்த முயலை மட்டும் இனியாவது ஓட விடுங்கள். அது ஒருநாளும் அவர் தட்டில் இருக்கவில்லை.